உணவு ஒவ்வாதவரும் ஜமாஅத்தின் கடமையும்

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் அவனுடைய திருத்தூதர் முஹம்மது முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

முஸ்லிம்களின் கூட்டு வாழ்வில் உணவுக்குப் பெரியதோர் இடமுண்டு. நிக்காஹ் முடிந்தால் வலீமா. குழந்தை பிறந்தால் அகீகா. ரமளான் வந்தால் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி. பெருநாள் என்றால் அண்டை வீட்டாருக்கு அனுப்பும் பலகாரத் தட்டு. நம் கடற்கரை ஊர்களில் சிலர் சேர்ந்து ஒரே சஹனில் அமர்ந்து உண்ணும் வழக்கமும் உண்டு. உண்டும் வயிறு நிறைவதில்லையே என்று முறையிட்ட தோழர்களிடம், தனித்தனியே உண்கிறீர்கள் போலும் என்று கேட்டு, ஒன்றுகூடி அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ணுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள் என்னும் கருத்தில் அபூதாவூதில் ஹதீஸ் வந்துள்ளது. கூடி உண்பதில் பரக்கத் இருக்கிறது என்பதற்கு இது சான்று.

இத்தகைய சிறப்புடைய கூட்டு உணவே ஒருவரை ஊரிலிருந்து பிரித்து நிறுத்தும் சுவராகவும் ஆகிவிடக்கூடும் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. கோதுமை ஒவ்வாதவர், பால் ஒவ்வாதவர், இரண்டுமே ஒவ்வாதவர் என்று சிலர் நம் மஹல்லாக்களில் வாழ்கிறார்கள். பரோட்டாவும் சமோசாவும், நெய்ச்சோறும் ஃபிர்னியும் பரிமாறப்படும் சபையில் அவர்கள் என்ன செய்வார்கள்? மார்க்கம் அவர்களுக்கு என்ன கூறுகிறது? அதைவிட முக்கியமாக, அவர்களைப் பற்றி நமக்கு என்ன கூறுகிறது? இவற்றை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

நோயை முதலில் அறிவோம்

கோதுமையிலும், வாற்கோதுமை எனப்படும் பார்லியிலும், ரை என்னும் தானியத்திலும் குளுட்டன் என்ற ஒருவகைப் புரதம் இருக்கிறது. பிசைந்த மாவுக்கு இழுபடும் தன்மையைக் கொடுப்பது இதுவே. பரோட்டா மாவை வீசி மெல்லியதாக விரிக்க முடிவது இதனாலேதான். பெரும்பாலோர்க்கு இதனால் ஒரு தீங்கும் இல்லை. ஆனால் சீலியாக் என்னும் நோய் உடையவர் இதை உண்டால், நோய்க் கிருமிகளை எதிர்ப்பதற்காக அல்லாஹ் உடலில் அமைத்துள்ள காவல் சக்தியே திரும்பி அவருடைய சிறுகுடலைத் தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சுவதற்காகக் குடலின் உட்சுவரில் அமைந்துள்ள, விரல் போன்ற நுண்ணிய உறுப்புகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. எவ்வளவு உண்டாலும் சத்து உடலில் சேர்வதில்லை.

இதனால் சிலருக்கு வயிற்றுப்போக்கும் வயிற்று உப்புசமும் ஏற்படும். சிலருக்கு வயிற்றில் ஒரு தொல்லையும் தெரியாது. தீராத இரத்தசோகை, எலும்பு பலவீனம், ஓயாத சோர்வு என்று வேறு வடிவில் வெளிப்படும். குழந்தைகளுக்கு வளர்ச்சி தடைப்படும். பெண்களில் சிலருக்குக் கருத்தரிப்பதில் தடையும் கருச்சிதைவும் நேருவதுண்டு. பிள்ளைப்பேறு இல்லாத ஒரு பெண்ணைப் பழித்துப் பேசும் வாய்கள், அவளுடைய குடலில் இருக்கும் நோயை அறியுமா?

இந்நோயைப் பற்றி 1888-ஆம் ஆண்டிலேயே இலண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ எழுதினார். குணப்படுத்த வழியிருந்தால் அது உணவின் மூலமே இருக்கும் என்றும் கருதினார். எந்த உணவு என்பது அப்போது புலப்படவில்லை. ஹாலந்து நாட்டின் குழந்தை மருத்துவர் வில்லெம் கரெல் டிக்கே என்பவர் கோதுமையின் மீது ஐயம் கொண்டிருந்தார். 1944-45 குளிர்காலத்தில், உலகப் போரின் இறுதியில், அந்நாட்டில் கடும் பஞ்சம் வந்து ரொட்டி கிடைக்காமற் போயிற்று. ஊரெல்லாம் பசியால் வாடியபோது இந்நோயுள்ள குழந்தைகள் தேறினர்! அவர் தமது ஆய்வை 1950-இல் வெளியிட்டார். ஒருவருக்கு உயிர் தரும் ரொட்டி இன்னொருவருக்கு நோய் தருகிறது என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

இன்றளவும் இந்நோய்க்கு மருந்து என்பது ஆயுள் முழுவதும் குளுட்டனைத் தவிர்ப்பது ஒன்றே. உலகில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாக மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். நம் நாட்டில் 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, கோதுமையே முக்கிய உணவாகிய வடநாட்டில் 100 பேரில் ஒருவர் என்ற அளவிலும், அரிசி உண்ணும் தென்னாட்டில் 1000 பேரில் ஒருவர் என்ற அளவிலும் இது காணப்பட்டது. இக்கணக்குப்படி பார்த்தால், 3000 பேர் வாழும் ஒரு மஹல்லாவில் ஏறக்குறைய மூவர் இருக்கலாம். அம்மூவரும் ஒருவரையொருவர் அறியாமலே இருப்பர் என்பதுதான் துயரம்.

பாலின் செய்தி வேறு. பசும்பாலின் புரதத்தில் 100-க்கு ஏறத்தாழ 80 பங்கு கேசின் என்னும் புரதமாகும். இது ஒவ்வாதவர்க்குப் பால் மட்டுமின்றித் தயிர், மோர், பன்னீர், கோவா எல்லாமே ஆகாதவை. நெய் பெரும்பாலும் கொழுப்பே எனினும் அதிலும் சிறிது கேசின் எஞ்சி நிற்கலாம். பாலிலுள்ள சர்க்கரை செரியாத குறை வேறு. கேசின் ஒவ்வாமை வேறு. முன்னதற்கென விற்கப்படும் சர்க்கரை நீக்கிய பாலிலும் கேசின் அப்படியே இருக்கும். கோதுமை சீலியாக் நோயாளியை மெல்ல மெல்ல அரிக்கும். பாலின் ஒவ்வாமையோ சிலருக்கு உடனே மூச்சுத் திணறலை உண்டாக்கி உயிருக்கே ஆபத்தாகவும் முடியும். குழந்தைப் பருவத்தில் வரும் பால் ஒவ்வாமை பலருக்கு வளர வளர நீங்கிவிடுகிறது என்பது ஆறுதலான செய்தி.

ஓர் எச்சரிக்கை: பிறர் சொல்லக் கேட்டுத் தாமாகவே இவற்றை விட்டுவிடுவது சரியன்று. சீலியாக் நோயை இரத்தப் பரிசோதனையாலும், குடலின் உட்பகுதியைச் சிறிது எடுத்துச் சோதிப்பதாலும் உறுதி செய்கிறார்கள். சோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் தெரியாமற் போகலாம். இரத்த உறவினருக்கும் இந்நோய் வர வாய்ப்புண்டு. ஆதலின் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோரும் பார்த்துக்கொள்வது நலம். இது தொற்றுநோய் அன்று என்பதையும் ஐயத்திற்கு இடமின்றி அறிந்துகொள்ள வேண்டும்.

"பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிடுங்கள்!"

உணவு ஒவ்வாத ஒருவர் விருந்துக்குச் சென்றால் அடிக்கடி கேட்கும் சொல் இதுதான். "பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிடுங்கள், ஒன்றும் செய்யாது!" என்பார்கள். "கொஞ்சமாவது எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் மனம் நோகும்" என்பார்கள். மவ்லிது மஜ்லிஸில் தபர்ருக்காகத் தரும் இனிப்பை ஒருவர் வாயிலிடத் தயங்கினால், மரியாதைக் குறைவு என்று முகம் சுளிப்போரும் உண்டு. அன்பினால்தான் சொல்கிறார்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அறியாத அன்பும் ஆபத்தானதே.

ஸஹாபாக்கள் காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கவனிப்போம். பயணத்தில் இருந்த ஒருவருடைய தலையில் கல் பட்டுக் காயமாயிற்று. அவருக்குக் குளிப்பு கடமையானபோது, தயம்மும் செய்துகொள்ள எனக்குச் சலுகை உண்டா என்று உடனிருந்தோரிடம் கேட்டார். தண்ணீர் கிடைக்கும்போது உமக்குச் சலுகை இல்லை என்று அவர்கள் கூறிவிட்டனர். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி கேட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மிகவும் வேதனையுற்று, அவரைக் கொன்றது அவர்களே என்னும் பொருளில் கண்டித்தார்கள். தெரியாதபோது கேட்டறிந்திருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேட்பதன்றோ என்றும் உணர்த்தினார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் இந்தச் செய்தி பதிவாகியுள்ளது.

தீர்ப்புச் சொன்னவர்கள் தீயவர்கள் அல்லர். மார்க்கப் பற்றினால்தான் சொன்னார்கள். ஆயினும் நோயாளியின் உடலைப் பற்றி அறியாமல் சொன்னார்கள். இன்று, ஒரு வாய் சாப்பிட்டால் என்ன என்று வற்புறுத்துகிறவரும் அறியாமல்தான் சொல்கிறார். சீலியாக் நோயாளி ஒரு துண்டு பரோட்டா உண்டு அன்றிரவு நலமாகவே உறங்கலாம். பார்த்தீர்களா, ஒன்றும் செய்யவில்லையே என்பார்கள். உள்ளே குடல் புண்படுவது வெளியே தெரிவதில்லை.

இன்னும் சிலர், பாலைத் தூய பானம் என்று திருக்குர்ஆன் (16:66) போற்றுகிறதே, வாற்கோதுமைக் கூழாகிய தல்பீனா நோயாளிக்கு இதமளிக்கும் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்களே, அவை எப்படித் தீங்கு செய்யும் என்று வினவுகிறார்கள். அவை இரண்டும் உண்மை. அவற்றின் நன்மையில் நமக்கு எள்ளளவும் ஐயம் கிடையாது. எனினும் பொதுவாகச் சொல்லப்பட்ட நன்மை, ஒவ்வோர் உடலுக்கும் ஒவ்வொரு நிலையிலும் பொருந்தியே தீரும் என்பது அதன் பொருளாகாது. தண்ணீரைத் தூய்மையாக்கும் பொருளாக இறக்கியவனும் அல்லாஹ்தான். நோயாளிக்குத் தண்ணீருக்குப் பகரமாகத் தயம்முமை அனுமதித்தவனும் அவனேதான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு போதித்த மார்க்கம் நம்முடையது.

பொருள் ஹலால், தீங்கு தேடுதல் ஹலாலன்று

இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டை விளங்கிக்கொள்ள வேண்டும். அல்லாஹ் ஆகுமாக்கிய நல்லவற்றை ஹராமாக்கிக் கொள்ளக் கூடாதென்று திருக்குர்ஆன் (5:87) தடுக்கிறது. தம்மைத் தாமே அழிவில் போட்டுக்கொள்ளக் கூடாதென்றும் (2:195) அதுவே தடுக்கிறது. இரண்டும் முரணல்ல. கோதுமையும் பாலும் எல்லோர்க்கும் ஹலாலான பொருள்களே; நோயாளிக்கும் அவை அசுத்தமோ ஹராமோ அல்ல. ஆனால் நிச்சயமாகத் தனக்குத் தீங்கு செய்யும் என்று தெரிந்த ஒன்றை உண்பது அவருக்குக் கூடாது. தீங்கு செய்தலும் தீங்குக்குத் தீங்கு செய்தலும் இல்லை என்னும் நபிமொழியை ஃபுகஹாக்கள் பெரும் விதியாகவே கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே நோயாளி, கோதுமை எனக்கு ஹராம் என்று சொல்லாமல், எனக்கு ஒவ்வாது என்று சொல்வதே ஒழுங்கு. ஹலாலானதை ஒருவர் தம்மீது ஹராம் என்று கூறிவிட்டால் ஹனஃபி மத்ஹபில் அது சத்தியத்தின் இடத்தைப் பெற்றுவிடும் என்பதனால் நாவைக் காத்துக்கொள்வது நல்லது.

ஒரு பொருளைத் தவிர்ப்பது அதை இழிவுபடுத்துவதாகாது என்பதற்கும் ஆதாரம் உண்டு. உடும்பு போன்ற ஒரு பிராணியின் இறைச்சி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன்னே வைக்கப்பட்டபோது, அன்னார் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் வினவ, இல்லை, எம் மக்களின் நாட்டில் இது வழக்கமில்லை, எமக்குப் பிடிக்கவில்லை என்னும் கருத்தில் பதிலுரைத்தார்கள். காலித் (ரலி) அவர்கள் அதை உண்டார்கள், நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள இந்நிகழ்ச்சியில் ஒரே விரிப்பில் ஒருவர் உண்கிறார், ஒருவர் உண்ணவில்லை. உண்டவர் மீதும் பழியில்லை. உண்ணாதவர் மீதும் பழியில்லை. வெறும் விருப்பமின்மைக்கே இத்துணை இடமிருக்குமானால், நோயினால் கையை எடுப்பவருக்கு எவ்வளவு இடமிருக்க வேண்டும்!

உம்முல் முன்திர் (ரலி) அவர்களின் வீடு

இதுவரை நோயாளியின் நிலையைக் கூறினோம். இனி நம் கடமைக்கு வருவோம். அபூதாவூத், திர்மிதீ, இப்னு மாஜா ஆகிய கிரந்தங்களில் வந்துள்ள ஒரு ஹதீஸ் இதற்கு வழிகாட்டியாக இருக்கிறது.

மதீனாவைச் சேர்ந்த உம்முல் முன்திர் (ரலி) என்னும் அம்மையாரின் வீட்டுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வந்தார்கள். உடன் அலீ (ரலி) அவர்களும் வந்தார்கள். அலீ (ரலி) அவர்கள் அப்போதுதான் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் பேரீச்சங் குலைகள் தொங்கவிடப்பட்டிருந்தன. நபியவர்கள் அதிலிருந்து உண்ணலானார்கள். அலீ (ரலி) அவர்களும் எழுந்து உண்ண முற்பட்டபோது, நீர் நோயிலிருந்து தேறிவருபவர் ஆயிற்றே என்னும் கருத்தில் நபியவர்கள் தடுத்தார்கள்; அலீயவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். அம்மையார் சும்மா இருக்கவில்லை. வாற்கோதுமையும் ஒருவகைக் கீரையும் சேர்த்துச் சமைத்துக் கொண்டுவந்தார்கள். இதிலிருந்து உண்ணும், இது உமக்கு ஏற்றது என்ற கருத்தில் நபியவர்கள் அலீயவர்களிடம் கூறினார்கள்.

இச்சிறு நிகழ்ச்சியில் மூன்று பாடங்கள் அடங்கியுள்ளன. முதலாவது, நோயாளி பத்தியம் காப்பது ஈமானில் பலவீனமன்று. நபியவர்களே காக்கச் சொன்ன ஒன்று. இரண்டாவது, பேரீச்சம்பழம் எவ்வளவு சிறந்த உணவாயினும், ஒருவருக்கு அந்நேரம் ஆகாது என்றால் ஆகாததே. மூன்றாவது பாடமே நம் தலைப்புக்கு உயிரானது: நோயாளியைத் தடுத்ததோடு விட்டுவிடவில்லை. அவருக்கென்று வேறோர் உணவு அடுப்பில் ஏறியது. அந்த வீட்டிலிருந்து அவர் பட்டினியாகவும் திரும்பவில்லை. மற்றவரைப் பார்த்து ஏங்கிக்கொண்டு மூலையிலும் உட்காரவில்லை. தவிர்ப்பது நோயாளியின் வேலை. மாற்று உணவை ஆக்கி வைப்பது வீட்டாரின் வேலை என்று இரண்டும் அங்கே பங்கிடப்பட்டிருக்கின்றன.

அந்த அம்மையார் சமைத்த வாற்கோதுமை அலீ (ரலி) அவர்களுக்கு ஏற்றது. சீலியாக் நோயாளிக்கு அதுவே ஆகாதது. எனவே இந்த ஹதீஸிலிருந்து பண்டத்தை எடுப்பதன்று நம் வேலை, பண்பை எடுப்பதாகும்.

திருக்குர்ஆன் 24:61-ஆம் வசனம் குருடர், முடவர், நோயாளி ஆகியோர் மீது குற்றமில்லை என்று தொடங்கி, சேர்ந்து உண்டாலும் தனித்தனியே உண்டாலும் குற்றமில்லை என்ற கருத்தைக் கூறுகிறது. நோயாளியால் மற்றவர் அளவுக்கு உண்ண முடியாதே, அவருடன் சேர்ந்து உண்டால் அவருக்கு அநீதியாகுமே என்று சிலர் தயங்கியதை நீக்கவே இது இறங்கியது என்பது முஃபஸ்ஸிர்கள் கூறும் விளக்கங்களில் ஒன்று. அவர்கள் அக்கறையினால்தான் ஒதுங்கினார்கள். ஆனால் அக்கறையினால் ஒதுங்கினாலும் நோயாளிக்குத் தனிமை தனிமைதான். நோயாளியும் சபையில் இருக்க வேண்டியவரே.

நாம் செய்யத் தக்கவை

அல்லாஹ் நம் நாட்டுச் சமையலில் இவர்களுக்குப் பெரிய வசதியைத் தந்திருக்கிறான். அரிசி, சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை ஆகியவற்றில் குளுட்டன் இல்லை. தேங்காய்ப்பாலில் கேசின் இல்லை. இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், அரிசிமாவு ரொட்டியும் இறைச்சிக் குழம்பும், முட்டையும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்ந்த வட்டிலப்பமும் இரண்டும் ஒவ்வாதவர்க்கும் ஏற்றவை. நம் பாட்டிமார்களின் அடுப்பங்கரையே பாதி வழியைக் காட்டிவிடுகிறது. மீதிப் பாதிக்குக் கவனம் வேண்டும்.

விருந்து வைக்கும் வீட்டார்: அழைக்கும்போதே, உங்கள் வீட்டில் எவருக்கேனும் ஒவ்வாத உணவு உண்டா என்று கேட்டுவிடலாம். தனியே ஆக்கும் உணவை முதலில் ஆக்கி மூடி வைக்க வேண்டும். பரோட்டா புரட்டிய கல்லில் அரிசி ரொட்டி சுட்டாலும், சமோசா பொரித்த எண்ணெயில் பருப்பு வடை பொரித்தாலும், மாவு பட்ட கரண்டியால் சோறு அள்ளினாலும் கோதுமை அதில் கலந்துவிடும். கடையில் கட்டியாகவும் தூளாகவும் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா சேர்ந்திருப்பது உண்டு. பலர் இதை அறிவதில்லை. பிரியாணியில் தயிரும் நெய்யும் சேர்வதால் அது கோதுமை ஒவ்வாதவர்க்கு ஆகலாம்; கேசின் ஒவ்வாதவர்க்கு ஆகாது. உறையில் அடைத்த பொருளானால் அதன்மீது அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். குளுட்டன் இல்லாதது என்று நம் நாட்டில் அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளுட்டன் இருக்கக் கூடாது என்பது அரசின் விதி.

சஹன் வைக்கும் ஊரார்: ஒருவர் ரொட்டியைத் தொட்ட கையைச் சஹனில் வைத்தாலே ஒவ்வாதவருக்கு அது உதவாமற் போகும். அவருக்கென்று தனித் தட்டை வைத்து, அதே சுப்ராவில், அதே வரிசையில், தம் தோழர்களின் பக்கத்திலேயே அமர்த்த வேண்டும். தட்டுத்தான் தனி, ஆள் தனியல்ல. அவர் ஏன் தனித் தட்டில் உண்கிறார் என்று சபையில் உரக்கக் கேட்காதிருப்பதும் ஓர் உதவியே.

பள்ளிவாசல் நிர்வாகிகள்: நோன்பு திறக்கப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் சுன்னத்தானவை. அந்த சுன்னத்து எவரையும் ஒதுக்குவதில்லை என்பதைக் கவனியுங்கள்! நோன்புக் கஞ்சி அரிசியும் பருப்பும் தேங்காய்ப்பாலும் கொண்டு காய்ச்சப்படுமானால் பெரும்பாலும் இவர்களுக்கு ஏற்றதே. அதில் கோதுமை ரவையோ பசும்பாலோ சேர்க்கும் நாளில் சமையற்காரர் அதை முன்னரே அறிவிக்கட்டும். அல்லது சேர்ப்பதற்கு முன் ஒரு சிறு பாத்திரத்தில் எடுத்து வைக்கட்டும். இதற்குச் செலவில்லை, நினைவு ஒன்றுதான் வேண்டும்.

இமாம்களும் உஸ்தாதுமார்களும்: ஒரே நோயுடைய இருவர் ஒரே ஊரிலோ அடுத்த ஊரிலோ இருப்பதை முதலில் அறியக் கூடியவர் இமாம்தான். இருவரின் சம்மதத்தையும் பெற்று ஒருவரை மற்றவரிடம் சேர்த்து வைக்கலாம். எந்தக் கடையில் எந்த மாவு கிடைக்கும், குழந்தைக்கு என்ன கொடுத்தனுப்பலாம், வெளியூர்ப் பயணத்தில் என்ன செய்வது என்பனவற்றை ஒரு தாய் இன்னொரு தாயிடம் கேட்டு அறிவது போன்ற உதவி வேறில்லை. சம்மதமின்றி மிம்பரில் அறிவித்துவிடக் கூடாது; நோயாளியின் செய்தி அமானிதமாகும். விடுதியோடு கூடிய மதரஸாக்களில் பிள்ளைகளைச் சேர்க்கும்போதே உணவு ஒவ்வாமை பற்றிக் கேட்டு எழுதிக்கொள்வது நலம். உஸ்தாது கோபிப்பாரோ என்று அஞ்சிச் சப்பாத்தியை உண்டுவிட்டு மெலிந்துபோகும் பிள்ளையின் பொறுப்பு எவரைச் சாரும்?

செல்வர்கள்: இவர்களுக்கென்று விற்கப்படும் தனி மாவும் பண்டங்களும் விலை கூடியவை. வறிய குடும்பமானால் அது தாங்க முடியாத சுமை. ஃபித்ராவோ தர்மமோ கொடுக்கும்போது அந்த வீட்டுக்குக் கோதுமை மாவைக் கொடுத்து என்ன பயன்? அரிசியாகக் கொடுங்கள். ஜகாத் பெறத் தகுதியுடைய நோயாளிக்கு அவருடைய உணவுக்கும் பரிசோதனைக்கும் ஜகாத் பணத்தை அவருடைய உடைமையாகவே கையில் கொடுத்துவிடலாம்.

நோயாளி: அவருக்கும் கடமை உண்டு. மறைத்து வைத்துவிட்டுப் பிறர் அறியவில்லையே என்று வருந்துவதில் நியாயமில்லை. நான்கு சொற்களில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: கோதுமை ஒவ்வாது, சிறிதும் கூடாது. விருந்துக்கு முன்பே வீட்டாரிடம் சொல்வது, பந்தியில் சொல்வதைவிட இருவருக்கும் எளிது. அழைத்தவர் செய்ய இயலாதவரானால் தம் உணவைத் தாமே கொண்டு செல்வதில் வெட்கமில்லை.

சில மஸ்அலாக்கள்

1. வலீமாவுக்கு அழைக்கப்பட்டவர் அங்குள்ள உணவு ஒவ்வாது என்பதற்காகப் போகாமல் இருக்க வேண்டியதில்லை. அழைப்பை ஏற்றுச் செல்ல வேண்டும். பின்னர் விரும்பினால் உண்ணலாம், விரும்பினால் விட்டுவிடலாம் என்னும் கருத்தில் ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிமில் ஹதீஸ் வந்துள்ளது. வருகையும் துஆவுமே அழைப்பின் உரிமை.

2. தபர்ருக்காகக் கிடைத்ததை இரு கைகளாலும் மரியாதையுடன் பெற்று, உண்ணக் கூடிய ஒருவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிடலாம். இதில் குறைவு ஒன்றுமில்லை. கொடுத்த நன்மையும் கூடுகிறது.

3. பத்தியத்தைச் சரியாகக் காத்துவருபவர் பெரும்பாலும் நோன்பு நோற்க இயலும். நோய் முற்றிப் பலவீனமுற்றவர், நோன்பு தீங்கு செய்யும் என்று நம்பத்தக்க மருத்துவர் கூறினால், இப்போது விட்டுவிட்டு உடல் தேறியபின் களா செய்வார். தேறும் நம்பிக்கையே இல்லாத நிலையில்தான் ஃபித்யா.

4. ஹஜ்ஜுக்குச் செல்வோர் மினாவின் நாட்களில் கூட்டமாக வழங்கப்படும் உணவையே நம்பியிராமல், அவல், பொரி, பேரீச்சம்பழம் போன்றவற்றை உடன் வைத்துக்கொள்வதும், நோய் பற்றிய மருத்துவரின் கடிதத்தை வைத்திருப்பதும், குழுத் தலைவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுவதும் தேவையாகும்.

5. திருமணப் பேச்சில் இந்நோயை மறைக்காமல் கூறிவிடுவது நேர்மை. கேட்பவர், இதை ஒரு பழியாகக் கொள்ளாமல், பத்தியத்தால் கட்டுக்குள் இருக்கும் ஒரு நிலையாகக் கொள்வது அதைவிடப் பெரிய நேர்மை. பெண்ணை ஏற்று அழைத்துச் சென்றபின், எங்கள் வீட்டில் எல்லோரும் உண்பதைத்தான் நீயும் உண்ண வேண்டும் என்பது கொடுமையாகும்.

சகோதரர்களே! முஃமின்கள் ஓர் உடலைப் போன்றவர்கள், ஓர் உறுப்பு நோயுற்றால் மற்ற உறுப்புகள் காய்ச்சலாலும் விழிப்பாலும் அதனுடன் பங்கு கொள்ளும் என்ற கருத்துள்ள நபிமொழியை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். இங்கே நம்மிடம் கேட்கப்படுவது காய்ச்சலும் அன்று, விழிப்பும் அன்று. ஒரு தனிச் சட்டி, ஒரு தனிக் கரண்டி, அழைக்கும்போது ஒரு கேள்வி. ஊரில் ஒருவர் இதைச் செய்தால் அந்த நோயாளி சபைக்கு வருவார். எவருமே செய்யாவிட்டால் அவர் வீட்டிலேயே இருந்துவிடுவார், அதற்கு ஊரார் அனைவரும் பொறுப்பாளிகளாவோம்.

அடுத்த விருந்துக்குப் பட்டியல் எழுதும்போது உம்முல் முன்திர் (ரலி) அவர்களின் அடுப்பை நினைவிற் கொள்வோமாக. நோயுற்றோருக்கு அல்லாஹ் பூரண சுகத்தையும், அவர்களைத் தாங்கும் உள்ளத்தை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.